ஆளில்லாத வீட்டில் ராஸ்பெர்ரி பை: எஸ்எஸ்டி முதலில், கார்டு காவலுக்கு

கேள்வி இது. காரைக்குடிக்குப் பக்கத்தில் பூட்டிக் கிடக்கும் பெரிய வீடு. முகப்பில் இரண்டு, வளவில் ஒன்று, தோட்டத்துப் பக்கம் ஒன்று என்று நான்கு கேமராக்கள். அவற்றைப் பதிவு செய்ய இரண்டாம் கட்டில் ராஸ்பெர்ரி பை 4 என்ற கையடக்கக் கணினி ஒன்று. வீட்டுக்காரர்கள் சென்னையில்; காலையும் மாலையும் வந்து விளக்கேற்றிப் போகும் காவல்காரப் பெரியவர் மட்டும்தான் உள்ளூரில். எஸ்டி கார்டு இரண்டு தடவை கெட்டுவிட்டதால் ஒரு எஸ்எஸ்டி வாங்கி, கார்டை அப்படியே அதில் நகலெடுத்து, யூஎஸ்பியில் மாட்டியிருக்கிறீர்கள். கார்டு உள்ளே இருந்தால் கார்டிலிருந்துதான் பூட் ஆகிறது, அதாவது எழுகிறது. கார்டைக் கழற்றினால் எதுவுமே நடக்கவில்லை. எஸ்எஸ்டி முதலில், அது கெட்டால் கார்டு என்று ஆக்க எந்த நம்பரை மாற்ற வேண்டும் என்று கேட்கிறீர்கள்.

நம்பர் 0எக்ஸ்எஃப்14. ஆனால் அதை மட்டும் மாற்றிவிட்டு ஊருக்குக் கிளம்பினால் இன்னும் ஒரு கார்டு போகும். காரணம், எந்த டிரைவிலிருந்து எழுவது என்பதை முடிவு செய்வது ஒருவர் அல்ல, இருவர். கரன்ட் வந்ததும் முதலில் ஓடி ஓஎஸ்ஸை எழுப்பும் பூட்லோடர் ஒரு முடிவு எடுக்கிறது. அதன் பிறகு ஓஎஸ்ஸின் மையமான கெர்னல் தனியாக இன்னொரு முடிவு எடுக்கிறது. இரண்டும் ஒரே டிரைவைச் சொன்னால்தான் நீங்கள் நினைத்தது நடக்கும்.

(கட்டளைகளையும் கோப்புப் பெயர்களையும் ஒலிப்பில் எழுதியிருக்கிறேன். தட்டும்போது ஆங்கிலச் சிறிய எழுத்தில் தட்டுங்கள். பெரிய எழுத்து வேண்டிய இடத்தில் சொல்கிறேன்.)

கரன்ட் வந்ததும் பை 4-இல் நடப்பதை வரிசையாகப் பார்க்கலாம். சிப்புக்குள் மாற்ற முடியாத ஒரு சின்ன நிரல் இருக்கிறது. அது போர்டிலேயே ஒட்டியிருக்கும் ஈஈப்ராம் சிப்பைப் படிக்கிறது. 512 கிலோபைட் அளவுள்ள அந்தச் சிப்பில்தான் பூட்லோடரும் அதன் அமைப்புகளும் இருக்கின்றன, கார்டில் இல்லை. பூட்லோடர் தன்னிடமுள்ள வரிசைப்படி டிரைவ்களைத் தட்டிப் பார்க்கிறது. ஒன்றில் ஃபேட் வகைப் பார்ட்டிஷனும் (டிரைவைப் பிரித்த ஒரு பகுதி) அதற்குள் ஸ்டார்ட்4.எல்ஃப், கான்ஃபிக்.டிஎக்ஸ்டி, கெர்னல் கோப்பு, சிஎம்டிலைன்.டிஎக்ஸ்டி எல்லாமும் கிடைத்தால் கெர்னலை மெமரிக்குள் ஏற்றிவிட்டு ஒதுங்கிக்கொள்கிறது. அத்தோடு அதன் வேலை முடிந்தது. பிறகு கெர்னல் சிஎம்டிலைன்.டிஎக்ஸ்டி-இல் எழுதியிருக்கும் 'ரூட்=பார்ட்யூயூஐடி=...' என்ற அடையாள எண்ணைப் பார்த்து, அந்த எண் எந்தப் பார்ட்டிஷனுக்கு இருக்கிறதோ அதை ரூட்டாக, அதாவது ஓஎஸ் ஓடும் இடமாக, ஏற்றுகிறது.

உங்கள் விஷயத்தில் சிக்கல் இங்கேதான். கார்டை பிட்டுக்குப் பிட்டு நகலெடுத்ததால் அந்த அடையாள எண்ணும் நகலாகிவிட்டது. இப்போது ஒரே எண்ணோடு இரண்டு ரூட் இருக்கின்றன. பூட்லோடர் எஸ்எஸ்டியிலிருந்து கெர்னலை எடுத்தாலும், கெர்னலுக்கு முதலில் தென்படுவது பெரும்பாலும் கார்டுதான்; யூஎஸ்பி டிரைவ் கண்விழிக்கச் சில விநாடி ஆகும். ஆக, பூட் எஸ்எஸ்டியிலிருந்து, ஓட்டம் கார்டிலிருந்து. எஸ்எஸ்டியில் விளக்கு மினுக்குவதால் எல்லாம் சரி என்றே தோன்றும். கார்டு தேய்ந்துகொண்டே இருக்கும்.

சரிபார்க்க ஒரே கட்டளை போதும்: 'ஃபைண்ட்எம்என்டி /'. பதிலில் எம்எம்சிபிஎல்கே0பி2 என்று வந்தால் ரூட் கார்டில். எஸ்டிஏ2 என்று வந்தால் எஸ்எஸ்டியில். பெயரைக் கேட்டுக் குழம்ப வேண்டாம்: 'எஸ்டிஏ' என்பது எஸ்டி கார்டு அல்ல, யூஎஸ்பியில் முதலில் அகப்பட்ட டிஸ்க். இந்த ஒரு ஒலி ஒற்றுமையால் தவறான டிரைவை அழித்தவர்கள் உண்டு. எழுதும் கட்டளை எதையும் தட்டுமுன் 'எல்எஸ்பிஎல்கே' போட்டு அளவைப் பாருங்கள். 32 ஜிபி கார்டு, 240 ஜிபி எஸ்எஸ்டி என்று அளவே காட்டிக்கொடுத்துவிடும்.

அடையாள எண்ணை மாற்றுவது

மூன்று வழி இருக்கிறது. உங்களுக்கு நல்லது முதல் வழி: எஸ்எஸ்டியை லேப்டாப்பில் மாட்டி, ராஸ்பெர்ரி பை இமேஜர் வைத்துப் புதிதாக ஓஎஸ் எழுதிவிடுங்கள். இரண்டு தடவை கெட்ட கார்டிலிருந்து எடுத்த நகலில் எந்தக் கோப்பு பாதியில் நிற்கிறது என்று யாராலும் சொல்ல முடியாது. கேமரா மென்பொருளின் அமைப்புக் கோப்புகளை மட்டும் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

நகல்தான் வேண்டும் என்றால் டெஸ்க்டாப்பில் இருக்கும் 'எஸ்டி கார்டு காப்பியர்' போதும். அதில் 'நியூ பார்ட்டிஷன் யூயூஐடிஸ்' என்ற பெட்டியை டிக் செய்ய மறக்காதீர்கள். மற்றதை அதுவே பார்த்துக்கொள்ளும்.

ஏற்கெனவே எடுத்த நகலையே திருத்த வேண்டுமென்றால் கையால் செய்யலாம். கார்டிலிருந்து பூட் செய்து, ரூட் கார்டில்தான் இருக்கிறது என்று உறுதிசெய்துகொண்டு, 'சூடோ எஃப்டிஸ்க் /டெவ்/எஸ்டிஏ' திறங்கள். எக்ஸ் தட்டினால் நிபுணர் பட்டியல் வரும். ஐ தட்டினால் புது அடையாளம் கேட்கும். 0எக்ஸ் என்று தொடங்கி எட்டு ஹெக்ஸ் இலக்கம் கொடுங்கள். ஆர் தட்டித் திரும்பி, டபிள்யூ தட்டிச் சேமியுங்கள். இப்போது எஸ்எஸ்டியின் பார்ட்டிஷன்களுக்கு அந்த எட்டு இலக்கத்தோடு -01, -02 என்று புது எண் வந்திருக்கும். 'சூடோ பிஎல்கேஐடி' காட்டும். அடுத்து இரண்டு இடத்தில் திருத்த வேண்டும். எஸ்எஸ்டியின் முதல் பார்ட்டிஷனில் உள்ள சிஎம்டிலைன்.டிஎக்ஸ்டி-இல் -02 எண், இரண்டாம் பார்ட்டிஷனில் உள்ள ஈடிசி/எஃப்எஸ்டேப்-இல் (எந்தப் பார்ட்டிஷன் எங்கே ஏற வேண்டும் என்ற பட்டியல்) -01, -02 இரண்டும். பலர் முதலாவதைத் திருத்திவிட்டு இரண்டாவதை விட்டுவிடுவார்கள். அப்படி விட்டால் ரூட் எஸ்எஸ்டியில் இருக்கும், பூட் பார்ட்டிஷன் மட்டும் கார்டிலிருந்து ஏறும். அடுத்த கெர்னல் அப்டேட் கார்டுக்குள் போய் எழுதும், எஸ்எஸ்டி பழைய கெர்னலிலேயே நிற்கும். மாதக் கணக்கில் யாருக்கும் தெரியாமல் கிடக்கும் கோளாறு இது.

சிஎம்டிலைன்.டிஎக்ஸ்டி முழுவதும் ஒரே வரியாக இருக்க வேண்டும். நடுவில் என்டர் விழுந்தால் கெர்னல் முதல் வரியோடு நிறுத்திக்கொள்ளும்.

வரிசையை எழுதுவது

கார்டைக் கழற்றினால் ஒன்றுமே நடக்காததற்குப் பழைய பூட்லோடர் ஒரு காரணமாக இருக்கலாம். பை 4 வெளிவந்தது 2019 ஜூனில். யூஎஸ்பி பூட் வழக்கமான பூட்லோடருக்குள் வந்தது 2020 செப்டம்பரில். அதற்கு முன் வாங்கி, ஒருமுறைகூடப் புதுப்பிக்காத போர்டுக்கு யூஎஸ்பி டிரைவ் என்றால் என்னவென்றே தெரியாது. 'சூடோ ஆர்பிஐ-ஈஈப்ராம்-அப்டேட்' என்று தட்டினால் இப்போதுள்ள பதிப்பும் கிடைக்கும் புதுப் பதிப்பும் தேதியோடு வரும். பின்னால் '-ஏ' சேர்த்தால் புதுப்பிக்கத் தயாராகும். உண்மையில் சிப்பில் எழுதுவது அடுத்த ரீபூட்டின்போதுதான். அந்தச் சில விநாடிகளில் கரன்ட் போகக் கூடாது. இன்வெர்ட்டர் இணைப்பில் இருக்கும்போது செய்யுங்கள். அப்படியும் பாதியில் போய்விட்டால் போர்டு செத்துவிட்டது என்று நினைக்க வேண்டாம். சிப்புக்குள் இருக்கும் அந்த முதல் நிரல் ஈஈப்ராமைப் படிக்குமுன் எஸ்டி கார்டில் ரெக்கவரி.பின் இருக்கிறதா என்று பார்க்கும். இமேஜரில் 'மிஸ்க் யூட்டிலிட்டி இமேஜஸ்' பகுதியில் பூட்லோடர் மீட்பு இமேஜ் இருக்கிறது. அதை ஒரு கார்டில் எழுதிப் போட்டால் பச்சை விளக்கு விடாமல் வேகமாக மினுக்கும், திரை மாட்டியிருந்தால் திரை முழுக்கப் பச்சையாகும். அவ்வளவுதான், மீண்டுவிட்டது.

புதுப்பித்த பிறகு 'சூடோ -ஈ ஆர்பிஐ-ஈஈப்ராம்-கான்ஃபிக் --எடிட்' தட்டுங்கள் (சூடோவை அடுத்து வரும் -ஈ மட்டும் பெரிய எழுத்து). நேனோ என்ற எடிட்டர் திறக்கும். 'பூட்_ஆர்டர்=' என்ற வரி, முழுதும் பெரிய எழுத்தில், இருந்தால் திருத்துங்கள்; இல்லாவிட்டால் கடைசியில் சேருங்கள். மதிப்பு 0எக்ஸ்எஃப்14. சேமித்து ரீபூட். 'விசிஜென்சிஎம்டி பூட்லோடர்_கான்ஃபிக்' இப்போது அந்த வரியைக் காட்ட வேண்டும்.

இந்த எண்ணை வலமிருந்து இடமாகப் படிக்க வேண்டும். ஒவ்வோர் இலக்கமும் ஒரு வழி: 1 எஸ்டி கார்டு, 2 நெட்வொர்க், 4 யூஎஸ்பி டிரைவ், 6 என்விஎம்ஈ (யூஎஸ்பி இல்லாமல் நேராக இணையும் எஸ்எஸ்டி வகை), ஈ என்றால் நின்றுவிடு, எஃப் என்றால் திரும்ப முதலிலிருந்து. ஆக 0எக்ஸ்எஃப்14 என்றால் முதலில் யூஎஸ்பி, பிறகு கார்டு, இரண்டும் இல்லாவிட்டால் மறுபடி யூஎஸ்பி. பை 4-இன் வழக்கமான மதிப்பு 0எக்ஸ்எஃப்41. அதில் கார்டு முதலில். உங்கள் கார்டு எப்போதும் ஜெயித்தது இதனால்தான். இடமிருந்து படித்துப் பழகிய கண் 41-ஐப் பார்த்து '4 முதலில்' என்று நினைத்துக்கொள்ளும். அடிக்கடி நடக்கும் பிழை.

ராஸ்பி-கான்ஃபிக் மெனுவிலும் 'அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ்' கீழே 'பூட் ஆர்டர்' உண்டு. அங்கே யூஎஸ்பி வரியைத் தேர்ந்தெடுத்தால் என்விஎம்ஈ-யையும் சேர்த்து 0எக்ஸ்எஃப்146 என்று எழுதும். சாதாரண பை 4-இல் என்விஎம்ஈ இல்லாததால் கெடுதல் ஒன்றும் இல்லை.

ஆளில்லாத வீட்டுக்கு இடது ஓரத்தில் எஃப் இருந்தே ஆக வேண்டும். ஈ போட்டால் ஒரு சுற்று தோற்றதும் போர்டு நின்றுவிடும், யாராவது போய் ஸ்விட்சை அணைத்துப் போடும்வரை நிற்கும். கரன்ட் போய்த் திரும்பும்போது வோல்டேஜ் நிலைப்படுமுன் எஸ்எஸ்டி முதல் சுற்றில் விழிக்காமல் போவது உண்டு. எஃப் இருந்தால் இரண்டாம் சுற்றில் பிடித்துக்கொள்ளும். நெட்வொர்க்கின் 2-ஐச் சும்மாவாவது சேர்த்து வைக்க வேண்டாம். ஐபி கிடைக்காவிட்டால் ஒவ்வொரு முயற்சிக்கும் 45 விநாடி காத்திருக்கும்.

யூஎஸ்பி டிரைவே தென்படாவிட்டால் பூட்லோடர் 20 விநாடி பார்த்துவிட்டுத்தான் கார்டுக்குப் போகும். பயந்துபோய் நடுவில் அணைக்காதீர்கள். யூஎஸ்பியில் ரெக்கார்டிங்குக்கென்று வேறொரு டிஸ்க்கும் இருந்தால், பூட் கோப்பு இல்லாத டிஸ்க்கைத் தாண்டிப் போகப் பூட்லோடருக்குத் தெரியும். தொல்லை செய்தால் 'எல்எஸ்யூஎஸ்பி' கட்டளை காட்டும் அதன் யூஎஸ்பி அடையாள எண்ணை (பார்ட்யூயூஐடி அல்ல) 'யூஎஸ்பி_எம்எஸ்டி_எக்ஸ்க்ளூட்_விஐடி_பிஐடி' என்ற வரியில், இதுவும் பெரிய எழுத்தில், கொடுத்து ஒதுக்கிவிடலாம்.

அடுத்த டிரைவுக்குப் போவது எப்போது, போகாதது எப்போது

'எஸ்எஸ்டி கெட்டால் கார்டு' என்று நீங்கள் கேட்டதில் பாதியைத்தான் பூட்லோடரால் செய்ய முடியும். எஸ்எஸ்டி அடியோடு செத்து யூஎஸ்பியில் தென்படவே இல்லையென்றால் கார்டுக்குப் போகும். தென்பட்டு, ஃபேட் பார்ட்டிஷன் கெட்டிருந்தாலும் போகும். ஆனால் ஃபேட் நன்றாக இருந்து, ரூட் பார்ட்டிஷன் மட்டும் கெட்டிருந்தால் போகாது. பூட்லோடர் கெர்னலிடம் சாவியைக் கொடுத்துவிட்டுப் போய்விட்டது. கெர்னல் ரூட்டைத் தேடித் தடுமாறி நிற்கும். ரீபூட் செய்தாலும் அதே எஸ்எஸ்டி, அதே கெர்னல், அதே தடுமாற்றம்.

இதற்காகத்தான் எஸ்எஸ்டியை முதலில் வைக்கச் சொல்கிறேன். அந்த வரிசையில், ஒரு ஒயரைப் பிடுங்குவதே வரிசையை மாற்றுவதாகிவிடும். எஸ்எஸ்டியின் யூஎஸ்பி ஒயரில் ஒரு சிவப்புத் துணியை முடிச்சுப் போட்டு வையுங்கள். காவலுக்கு இருக்கும் அண்ணனிடம் போனில் இவ்வளவு சொன்னால் போதும்: "அண்ணே, முதல்ல ஸ்விட்ச அணைங்க. சிவப்புத் துணி கட்டுன ஒயரப் பிடுங்குங்க. இருபது எண்ணிட்டு ஸ்விட்சப் போடுங்க." கார்டு எழும். மீதியை நீங்கள் சென்னையிலிருந்தே பார்த்துக்கொள்ளலாம். கார்டு முதலில் இருந்திருந்தால், நகத்தால் அமுக்கி உருவ வேண்டிய அந்தச் சின்னக் கார்டை அவர் தேடிக் கழற்ற வேண்டியிருக்கும். வயதானவரிடம் கேட்கக் கூடாத வேலை அது.

அவரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளக்கூடிய இன்னொன்று, பச்சை விளக்கு. பூட்லோடர் தோற்கும்போது அந்த விளக்கால் எண்ணிச் சொல்லும், சற்று நிறுத்தித் திரும்பச் சொல்லும். "பச்சை விளக்கு எத்தனை தடவ மினுக்கிட்டு நிக்குதுண்ணே?" நாலு என்றால் ஸ்டார்ட் கோப்பு கிடைக்கவில்லை. ஏழு என்றால் கெர்னல் கோப்பு கிடைக்கவில்லை. மூன்று என்றால் பொதுவான தோல்வி. இரண்டு நீளம் ஒரு குட்டை என்றால் பார்ட்டிஷன் ஃபேட் வகை இல்லை. மூன்று நீளம் ஒரு குட்டை என்றால் ஈஈப்ராமிலேயே கோளாறு. அங்கேதான் மேலே சொன்ன மீட்பு இமேஜ் வேண்டும். திரை ஏதாவது இருந்தால் பவர் ஒயருக்குப் பக்கத்து எச்டிஎம்ஐ ஓட்டையில் மாட்டச் சொல்லுங்கள். பூட் ஆகாமல் நிற்கும்போது பூட்லோடர் ஒரு பக்கம் முழுக்கக் காட்டும். அதில் 'ஆர்டர்' என்ற சொல்லுக்குப் பக்கத்தில் எஃப்14 இருக்கிறதா, 'ரீஸ்டார்ட்' என்பதன் எண் ஏறிக்கொண்டே போகிறதா என்று பார்த்தால் போதும். ஒரு போட்டோ எடுத்து அனுப்பினால் பாதி வேலை முடிந்தது.

கெர்னல் தானாக மீள இரண்டு ஏற்பாடு செய்து வையுங்கள். சிஎம்டிலைன் வரியின் கடைசியில் ஓர் இடைவெளி விட்டு 'பேனிக்=10' சேர்த்தால், கெர்னல் திகைத்து நின்ற 10 விநாடியில் தானே ரீபூட் ஆகும். ஈடிசி/சிஸ்டம்டி/சிஸ்டம்.கான்ஃப்-இல் 'ரன்டைம்வாட்ச்டாக்செக்=15' (ஆங்கிலத்தில் ரன்டைம், வாட்ச்டாக், எஸ்ஈசி என்ற மூன்றெழுத்துச் செக் ஒவ்வொன்றின் முதல் எழுத்தும் பெரியது) என்று வைத்தால், ஓடிக்கொண்டிருக்கும்போது உறைந்து போனாலும் சிப்பின் வாட்ச்டாக் (உறைந்ததைக் கண்டு ரீபூட் செய்யும் காவல் கடிகாரம்) எழுப்பிவிடும்.

இதைவிட முக்கியம் எஃப்எஸ்டேப்-இல் ரெக்கார்டிங் டிஸ்க் வரி. அதில் 'நோஃபெயில்' சேர்க்காமல் விட்டால், அந்த டிஸ்க் ஒரு நாள் விழிக்காதபோது ஓஎஸ் முழுவதும் அவசர நிலையில் நின்றுவிடும், நெட்வொர்க்கும் வராது. பூட்லோடரும் கெர்னலும் எஸ்எஸ்டியும் எல்லாம் நன்றாக இருந்தும், ஒரு சொல் இல்லாததால் ஊருக்கு ஒரு பயணம்.

தொலைவிலிருந்து கான்ஃபிக்.டிஎக்ஸ்டி-ஐ மாற்ற வேண்டி வந்தால் நேராகக் கை வைக்காதீர்கள். அதை டிரைபூட்.டிஎக்ஸ்டி என்று பக்கத்தில் நகலெடுத்து, அதில் மாற்றம் செய்து, 'சூடோ ரீபூட் "0 டிரைபூட்"' என்று தட்டுங்கள். ஒரே ஒரு தடவை மட்டும் புதுக் கோப்பைப் படிக்கும். எழாமல் போனால் அடுத்த ரீபூட் பழைய கோப்போடு வரும். சரியாக எழுந்தால் மட்டும் பெயரை மாற்றிக்கொள்ளுங்கள்.

மீட்புக் கார்டு

காவல் கார்டில் கேமரா மென்பொருள் எதுவும் வேண்டாம். 16 ஜிபி போதும். டெஸ்க்டாப் இல்லாத லைட் பதிப்பு. தொலைவிலிருந்து கட்டளை தட்ட எஸ்எஸ்எச், நீங்கள் வீட்டு நெட்வொர்க்குக்குள் நுழையப் பயன்படுத்தும் விபிஎன். எல்லாம் சரிபார்த்த பிறகு ராஸ்பி-கான்ஃபிக்கில் ஓவர்லே ஃபைல் சிஸ்டத்தை இயக்கிப் பூட் பார்ட்டிஷனையும் எழுத முடியாதபடி பூட்டிவிடுங்கள். அதன் பிறகு கார்டில் எதுவும் எழுதப்படாது. எத்தனை தடவை கரன்ட் போனாலும் கெடக் காரணமில்லை. எஸ்எஸ்டியில் ஓடும்போது கார்டு எங்கும் ஏறாமல் சும்மா கிடக்கும், கிடக்கவும் வேண்டும்.

கார்டின் ஹோஸ்ட்நேம் வேறாக இருக்கட்டும். ரவுட்டரில் ஐபி-யை நிலையாக ஒதுக்கியிருந்தால், போர்டு ஒன்றே என்பதால் எஸ்எஸ்டியில் எழுந்தாலும் கார்டில் எழுந்தாலும் அதே ஐபி வரும். ஆனால் எஸ்எஸ்எச் 'ஹோஸ்ட் கீ மாறிவிட்டது' என்று சத்தம் போடும். அந்த எச்சரிக்கையை அடக்காதீர்கள். எஸ்எஸ்டி போய்விட்டது, கார்டு காவலுக்கு வந்திருக்கிறது என்று உங்களுக்கு முதலில் சொல்வது அதுதான்.

வரிசை சரியாக இருந்தும் எஸ்எஸ்டி எழாவிட்டால்

முதலில் பவரைச் சந்தேகப்படுங்கள். பை 4-க்கு 5.1 வோல்ட், 3 ஆம்பியர் அடாப்டர் வேண்டும். போன் சார்ஜரும் நீள ஒயரும் சேர்ந்தால் வோல்டேஜ் இறங்கும். 'விசிஜென்சிஎம்டி கெட்_த்ராட்டில்டு' பதில் 0எக்ஸ்0 என்றால் நலம். 0எக்ஸ்50000 என்றால் பூட் ஆனதிலிருந்து எப்போதோ வோல்டேஜ் 4.63-க்குக் கீழே போயிருக்கிறது, 0எக்ஸ்50005 என்றால் இப்போதும் கீழேதான் இருக்கிறது. நான்கு யூஎஸ்பி போர்ட்டுக்கும் சேர்த்து பை 4 தருவது 1.2 ஆம்பியர்தான். எஸ்எஸ்டி ஒன்றுக்கு அது போதும். கூடவே சுழலும் டிஸ்க் ஒன்றையும் மாட்டினால், அது சுழலத் தொடங்கும் நொடியில் எஸ்எஸ்டியும் சேர்ந்து விழும். அந்த டிஸ்க்குக்குத் தனிப் பவர் உள்ள யூஎஸ்பி ஹப் வாங்குங்கள்.

அடுத்த சந்தேகம், சாட்டாவிலிருந்து யூஎஸ்பிக்கு மாற்றும் அந்தச் சின்ன அடாப்டர். பூட்லோடர் எளிய முறையில் படித்துவிடும். கெர்னல் யூஏஎஸ் என்ற வேகமான முறைக்கு மாறியதும் சில அடாப்டர்கள் திணறும். கெர்னல் ஏறி, ரூட்டுக்குக் காத்து, அரை நிமிடத்துக்கு ஒரு தடவை ரீசெட் ஆவது இதன் அடையாளம். 'டிஎம்ஈஎஸ்ஜி' கட்டளை காட்டும் கெர்னல் பதிவில் 'யூஏஎஸ்' என்ற சொல்லும் 'அபார்ட்' என்ற சொல்லும் சேர்ந்து வரும். 'எல்எஸ்யூஎஸ்பி' தரும் அடையாளம் 152டி:0578 என்று வைத்துக்கொள்ளுங்கள், ஜேமைக்ரான் சிப் உள்ள அடாப்டர்களில் இது சகஜம். சிஎம்டிலைன் வரியின் தொடக்கத்தில் 'யூஎஸ்பி-ஸ்டோரேஜ்.குவர்க்ஸ்=152டி:0578:யூ' என்று சேர்த்து ஓர் இடைவெளி விடுங்கள். வேகம் குறையும், ஆனால் நிற்காது. நான்கு கேமராவின் பதிவுக்கு அந்த வேகம் தாராளம்.

இன்னொன்று நம் ஊர்ப்பக்கத்து வீடுகளுக்கே உரியது. இந்தக் கனத்த சுவர்களைத் தாண்டி வைஃபை வளவிலிருந்து இரண்டாம் கட்டுக்கு வருவதே பெரும்பாடு. அதோடு யூஎஸ்பி 3 ஒயரின் இரைச்சல் 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபையைக் கெடுக்கும். எஸ்எஸ்டி மாட்டியதும் 'பூட் ஆகவில்லை' என்று தோன்றுவது பல சமயம் பூட் ஆகி வைஃபை மட்டும் வராததுதான். லேன் ஒயர் இழுத்துவிடுங்கள். முடியாவிட்டால் எஸ்எஸ்டியைக் கறுப்பு யூஎஸ்பி 2 போர்ட்டில் மாட்டிப் பாருங்கள். போர்டைத் தேக்கு அலமாரிக்குள் வைத்துக் கதவைச் சாத்த வேண்டாம். கத்திரி வெயிலில் 80 டிகிரியைத் தொட்டதும் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும்.

வேறு போர்டாக இருந்தால்

பை 5-இலும் இதே எண் முறைதான். என்விஎம்ஈ ஹேட் (போர்டின் மேல் மாட்டும் துணைப் போர்டு) போட்டால் 6-ஐச் சேருங்கள், 0எக்ஸ்எஃப்16 என்று. 5 ஆம்பியர் அடாப்டர் இல்லாமல் யூஎஸ்பியிலிருந்து எழுப்பினால் பை 5 நின்று பவர் பட்டனை அழுத்தச் சொல்லும். ஆளில்லாத வீட்டில் அழுத்த யார் இருக்கிறார்கள்? 5 ஆம்பியர் அடாப்டரே வாங்குங்கள். பை 3-இல் ஈஈப்ராம் கிடையாது. வரிசை சிப்புக்குள்ளேயே எழுதப்பட்டது, கார்டுதான் முதலில். அதை மாற்ற முடியாது.

ஆரஞ்ச் பை போன்ற போர்டுகளில் யூபூட் என்ற வேறொரு பூட்லோடர் இருக்கும். அங்கே குழப்பம் ஒரு படி முன்னால் தொடங்குகிறது: எந்த டிரைவ் என்பதற்கு முன் எந்த யூபூட் என்ற கேள்வி. ராக்சிப் ஆர்கே3399-இன் உள் நிரல் முதலில் எஸ்பிஐ ஃபிளாஷ், பிறகு ஈஎம்எம்சி (போர்டிலேயே ஒட்டியிருக்கும் சேமிப்புச் சிப்), பிறகுதான் கார்டு என்று தேடும். ஆகவே புதுக் கார்டைப் போட்டாலும் ஈஎம்எம்சியில் கிடக்கும் பழைய யூபூட்தான் ஓடும். ஆல்வின்னர் எச்3 போன்றவற்றில் நேர்மாறு, கார்டு முதலில். ராக்சிப்பில் பூட்லோடரின் முதல் துண்டு 64-ஆம் செக்டாரிலும் யூபூட் 16384-ஆம் செக்டாரிலும் உட்கார்ந்திருக்கும். ஆகவே முதல் பார்ட்டிஷனை 16 எம்பி தாண்டியே தொடங்குங்கள். முன்னால் தொடங்கிப் ஃபார்மேட் செய்தால் யூபூட் அழிந்துவிடும். வரிசை 'பூட்_டார்கெட்ஸ்' என்ற மாறியில் இருக்கிறது. 3.3 வோல்ட் சீரியல் ஒயர் மாட்டி, எண்ணிக்கை ஓடும்போது ஒரு விசையைத் தட்டி நிறுத்தி, 'பிரின்ட்என்வ் பூட்_டார்கெட்ஸ்' பாருங்கள். பிறகு 'செட்என்வ்' கொண்டு யூஎஸ்பி0-ஐ முன்னால் வைத்து 'சேவ்என்வ்' செய்யுங்கள். சீரியலின் வேகம் ராக்சிப்பில் பெரும்பாலும் 1500000. 115200-இல் வைத்தால் குப்பை எழுத்துதான் வரும். சேமித்தது எங்கே போகிறது என்றும் பாருங்கள். கார்டில் போய் உட்கார்ந்தால், கார்டு கெட்ட அன்று வரிசையும் கெடும்.

பழைய மினி பிசியாக இருந்தால் 'ஈஎஃப்ஐபூட்எம்ஜிஆர்' வரிசையை மாற்றும். ஆனால் பயாஸில் கரன்ட் திரும்பியதும் தானே ஆன் ஆகும் அமைப்பை முதலில் போடுங்கள். சிஆர்2032 பேட்டரியையும் புதிதாக மாற்றிவிடுங்கள். பேட்டரி தீர்ந்த பெட்டி ஒவ்வொரு கரன்ட் வெட்டுக்குப் பிறகும் பயாஸ் அமைப்புகளை மறந்துவிட்டுத் தனக்குப் பிடித்த டிரைவிலிருந்து எழும்.

ஊரைவிட்டுக் கிளம்புமுன்

வீட்டைப் பூட்டுமுன் அரை மணி நேரம் ஒதுக்கி இவற்றைச் செய்து பாருங்கள். எஸ்எஸ்டியும் கார்டும் இருக்கும்போது பூட் செய்து 'ஃபைண்ட்எம்என்டி /' எஸ்டிஏ2 காட்டுகிறதா, 'ஃபைண்ட்எம்என்டி /பூட்/ஃபர்ம்வேர்' எஸ்டிஏ1 காட்டுகிறதா என்று பாருங்கள் (2023-இன் புக்வர்ம் பதிப்புக்கு முன் அந்த இடத்தின் பெயர் வெறும் /பூட்). கார்டை எடுத்துவிட்டு எஸ்எஸ்டி மட்டும் வைத்து எழுப்புங்கள். அடையாள எண் ஏதாவது இன்னும் கார்டைக் காட்டிக்கொண்டிருந்தால் இங்கே மாட்டும். கார்டைத் திரும்பப் போட்டு, சிவப்புத் துணி ஒயரைப் பிடுங்கி எழுப்புங்கள். 20 விநாடிக்குப் பிறகு மீட்புக் கார்டின் பெயர் ரவுட்டரில் வர வேண்டும். எஸ்எஸ்டிக்குப் பதிலாக ஃபேட் ஃபார்மேட் செய்த காலிப் பென் டிரைவ் ஒன்றை மாட்டியும் பாருங்கள். டிரைவ் இருந்தும் பூட் கோப்பு இல்லாத நிலை அது. அப்போதும் கார்டு எழ வேண்டும்.

கடைசியாக எல்லாவற்றையும் திரும்ப மாட்டி, பதிவு ஓடிக்கொண்டிருக்கும்போதே மெயின் ஸ்விட்சை அணைத்து, இன்வெர்ட்டரையும் அணைத்து, ஒரு நிமிடம் கழித்து இரண்டையும் போடுங்கள். இதைக் காவல்கார அண்ணன் கையாலேயே செய்யச் சொல்லி, நீங்கள் முகப்பில் உட்கார்ந்து போனில் மட்டும் பேசுங்கள். அவருக்குப் புரியாத சொல் எது என்று அப்போதே தெரிந்துவிடும்.